கட்டைவிரல் தெரியும் படம்

மனிதகுலம் சொல்ல நினைத்த எதையும் சொல்லி முடிக்க வார்த்தைகளே போதும், படம் என்பது வாக்கியம் அமைக்கத் தெரியாதவர்களின் முனகல் என்று முற்றுப்புள்ளி உலகுக்கு அறிவித்தான். உலகம் என்றால் தையல் மெஷின் மன்றம். மெஷின் வைத்திருப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், பழுதாக்கிவிட்டுப் பதறுகிறவர்கள் எல்லோரும் கூடிப் பேசும் இணையதளம் அது.

முற்றுப்புள்ளி என்பது மன்றத்தில் அவன் பெயர். அவன் பதில் எழுதிவிட்டால் அதற்கு மேல் யாருக்கும் பேச்சு இருக்காது என்ற நம்பிக்கையில் அவனே சூட்டிக்கொண்டது. வீட்டில் அக்கா "டேய்" என்பாள். இரண்டுக்கும் ஒரே கம்பீரத்தோடுதான் திரும்பிப் பார்ப்பான். கல்லூரியில் கடைசி வருஷம். அவன் கைப்பட ரிப்பேர் செய்த மெஷின் என்றால், அக்காவின் பழைய மிதி மெஷினுக்கு ஒருமுறை பெல்ட் மாற்றியிருக்கிறான். ஆனாலும் காலமெல்லாம் ஸ்குரூடிரைவரோடு குடித்தனம் நடத்தியவர்களுக்குக் கிடைக்காத மரியாதை மன்றத்தில் அவனுக்குக் கிடைத்தது. அவன் எழுதினால் துருப்பிடித்த திருகாணிக்குக்கூட ஒரு சோகக்கதை இருப்பதுபோல் தோன்றும்.

அறிவிப்புக்குக் காரணம், எழுதும் பெட்டிக்குக் கீழே நிர்வாகி புதிதாக வைத்த ஒரு சின்ன அடையாளம். ஒரு மலை, மலைக்கு மேல் ஒரு சூரியன். அதை அழுத்தினால் பதிவில் படம் சேரும். அதுவரை மன்றம் வெறும் எழுத்தால் ஓடியது. "ஊசி இறங்கும்போது கடக், ஏறும்போது கிரீச்" என்று ஒருவர் எழுதுவார். பத்துப் பேர் கூடி அந்தக் கடக்கையும் கிரீச்சையும் அலசி நோயைக் கண்டுபிடிப்பார்கள். இடம் வலம் சொல்வதற்கும் சட்டம் உண்டு. மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தைக்கிறவரின் கைதான் கணக்கு. சக்கரம் எப்போதும் வலப்பக்கம். இதை மாற்றிச் சொல்கிறவர்களை முற்றுப்புள்ளி வறுத்தெடுத்துவிடுவான்.

முதல் படத்தைப் போட்டது ஊசிநூல் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒரு பெண். ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் வாங்கியிருந்தாள். அதில் துணிக்கு அடியில் நூலைக் கோக்கிற லூப்பர் என்ற கொக்கிக்கு நூல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பது அவள் கேள்வி. படம் பக்கவாட்டில் படுத்திருந்தது. மூலையில் அவள் கட்டைவிரல் பாதி இடத்தை அடைத்திருந்தது.

முற்றுப்புள்ளி பதில் எழுதினான்: "கழுத்தை ஒடித்துக்கொண்டு பார்த்தேன். கட்டைவிரல் நலமாக இருக்கிறது. மெஷின் எங்கே?"

மன்றம் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"விரல விசாரிச்சதுக்கு ரொம்ப நன்றி. அடுப்புல பாத்திரம் இருக்கு, இடுப்புல கொழந்த இருக்கு. மிச்சம் இருக்கற கையில எடுத்த படம் இது. கட்டுரை எழுத எனக்கு இன்னொரு கை மொளைக்கல. பதில் தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலேன்னா தள்ளி நில்லுங்க, பின்னாடி இருக்கறவங்களாவது பாக்கட்டும்."

அவன் பதிவுக்கு விழுந்த கைதட்டலைவிட இதற்கு அதிகம் விழுந்தது. அதை அவன் கவனிக்கவில்லை என்பதை நாலைந்து முறை பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டான். அப்புறம் உட்கார்ந்து ஒரு நீண்ட அறிக்கை எழுதினான். படங்களின் பாவங்கள் மூன்று என்றான். படுத்துக்கிடக்கும் படம், விரல் விழுந்த படம், சிவப்பு வட்டம் போட்டு அம்புக்குறி விட்ட படம். கடைசியதுதான் மகாபாவம், வாசகனை நேருக்கு நேர் குருடன் என்று சொல்வது. ஆயில்கேன் என்ற மெக்கானிக் உடனே அவனுக்கு வலதுகை ஆனார். "தலைவா, நீங்க சொல்லிட்டீங்க, நாங்க நிக்கிறோம்" என்று எழுதினார். மன்றம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. நிர்வாகி சமாதானத்துக்கு இரண்டு வழி சொன்னார். முற்றுப்புள்ளி கேட்டுக்கொண்டபடி, புதிதாகச் சேர்கிறவர்கள் ஒரு மாதம் எழுதிப் பழகிய பிறகே படம் சேர்க்கலாம். படம் மன்றத்தில் இருக்கவே வேண்டுமா என்பதை ஞாயிறு சாயங்காலம் முடியும் வாக்கெடுப்பு தீர்மானிக்கும்.

இந்த அமளியில் லூப்பருக்கு நூல் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காவின் ஓவர்லாக் தையல் விட்டு விட்டு விழ ஆரம்பித்தது. தையலறையில் ஜன்னலோரம் வெளிர்நீலத் துணி இடுப்பு உயரத்துக்குக் குவிந்திருந்தது. ஒரு ஆஸ்பத்திரியின் நர்ஸ்களுக்கான சீருடை. சட்டைகள் முடிந்துவிட்டன. பேன்ட்களுக்கு ஓரம் அடிப்பது பாக்கி. சாயங்காலம் ஐந்தரைக்கு வேன் வரும்.

"மெக்கானிக் போன எடுக்க மாட்டேங்கறாரு" என்றாள் அக்கா.

"மெக்கானிக் எதுக்கு? உள்ள பஞ்சு அடைச்சிருக்கும். பிரிச்சுத் தொடச்சு மாட்டினா முடிஞ்சுது."

"நீயா?"

"மன்றத்துல எத்தன பேருக்கு வழி சொல்லியிருக்கேன் தெரியுமா?"

"வழிதானேடா சொல்லியிருக்க." அக்கா மெஷினையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "சரி. பிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோ. திரும்ப மாட்டும்போது உதவும்."

ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தான். "அக்கா, மூளைன்னு ஒண்ணு இருக்கு."

"எங்க இருக்கு?"

வெளிச்சத்துக்காக மெஷினை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பிரித்தான். உள்ளே உண்மையிலேயே ஒரு தலையணைக்குத் தேவையான பஞ்சு இருந்தது. துடைத்தான், ஊதினான், எண்ணெய் விட்டான். இப்படிச் சுத்தம் செய்வதைப் பற்றி அன்றிரவு எழுதவேண்டிய பதிவின் முதல் வரிகூட மனதில் உருவாகிவிட்டது. எல்லாவற்றையும் மாட்டி முடித்து மூடியைப் போட்டபோது, மேசையில் விரல்நீளத்துக்கு ஒரு வளைந்த தகடும் ஒரு திருகாணியும் மிச்சம் இருந்தன.

"இது எதுல இருந்து வந்துச்சு?" என்றாள் அக்கா.

"எக்ஸ்ட்ராவா குடுத்திருப்பாங்க."

அக்கா மிதியை அழுத்தினாள். மெஷின் ஓடியது. துணியின் ஓரத்தில் கீழ்நூல் தையலாக விழாமல் தளர்ந்து தொங்கியது. அவள் பேன்ட்டை மடியில் போட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"போன தடவ இந்த ஆர்டர வச்சிருந்தவர் ஒரே ஒரு நாள் லேட்டாக்கினாரு. அதனாலதான் எனக்கு வந்துச்சு. இன்னைக்கு வேன் காலியாப் போச்சுன்னா எனக்குக் கெடைச்ச மாதிரியே இன்னொருத்தருக்குப் போயிடும். மன்றத்துல கேளு."

கேட்பதில் அவனுக்கு ஆட்சேபணை இல்லை. கேள்வியும் ஒரு இலக்கிய வடிவம்தான். உட்கார்ந்து எழுதினான். அந்தத் தகடு தூங்கி எழுந்து சோம்பல் முறிக்கும் பூனையின் முதுகுபோல் வளைந்திருப்பதையும், ஒரு நுனியில் உள்ள துளை எதையோ சொல்ல வந்து மறந்த வாய்போல் திறந்திருப்பதையும், அது கீழ் லூப்பருக்கு இடப்பக்கம் எங்கோ இருந்து வந்திருக்கலாம் என்பதையும் எழுதி அனுப்பினான்.

பதில்கள் கொட்டின. பூனையின் முதுகு பிரமாதம் என்று ஒருவர். மறந்த வாய் என்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது என்று இன்னொருவர். அது நூல் நுழைகிற வளையம் என்று ஒருவர் சொல்ல, இல்லை, வெட்டுக்கத்தியின் தாங்கி என்றார் வேறொருவர். மேசை டிராயரின் கொக்கியாக இருக்கும், மெஷினோடு சம்பந்தமே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தார். ஆயில்கேன் மட்டும், "இடப்பக்கம்னா அங்க ஒரே ஒரு ஓட்டைதான் தலைவா, அதுல மாட்டிப் பாருங்க" என்றார்.

மாட்டினான். அக்கா மிதியை அழுத்தினாள். கடக் என்று ஒரே சத்தம். மெஷின் நின்றுவிட்டது.

"இப்ப என்ன சொல்லுது உன் மன்றம்?"

"உவமை நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

அக்கா எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள். ஊசிநூல் ஒரே வார்த்தையில் பதில் போட்டிருந்தாள்: "படம்?"

"அந்தப் பொண்ணு கேக்கறது சரிதானே. ஒரு போட்டோ போடு."

"முடியாதுக்கா."

"ஏன், போன் கெட்டுப் போச்சா?"

"இது கொள்கை. ஆறு மணிக்கு வாக்கெடுப்பு முடியுது. நாங்க ஜெயிக்கற எடத்துல இருக்கோம். இப்ப நானே படம் போட்டா எனக்குப் பின்னாடி நிக்கறவங்க கதி என்ன?"

"ஒன் பின்னாடி இப்ப நான்தான் நிக்கறேன்" என்றாள் அக்கா. "நாளைக்கு அந்த நர்ஸுங்க ஓரம் பிரிஞ்ச பேன்ட்ட இழுத்து இழுத்து விட்டுக்கிட்டு ஊசி போடட்டும். ஒன் கொள்கைய நீயே போய் அவங்களுக்கு விளக்கு. நீ போடலேன்னா நான் போடறேன். எனக்கும் ஒரு பேரு குடுக்கச் சொல்லு. பாவாடை நாடான்னு வச்சுக்கறேன்."

அவன் மார்பை நிமிர்த்திக்கொண்டு, எழுத்தாலேயே இதைத் தீர்ப்பதாகச் சொல்லி அவளை டீ போட அனுப்பினான். அவள் சமையலறைக்குள் போனதும் வேறொரு பெயரில் மன்றத்தில் சேர்ந்தான். மலையையும் சூரியனையும் அழுத்தினான். ஒரு பெட்டி திறந்தது: புதிய உறுப்பினர்கள் ஒரு மாதம் எழுதிப் பழகிய பிறகே படம் சேர்க்கலாம். அந்த வாக்கியத்தின் நடை அவனுக்குப் பிடித்திருந்தது. பிடிக்காமல் இருக்குமா, நிர்வாகி அதை எழுத்து மாறாமல் அவன் மனுவிலிருந்துதான் எடுத்திருந்தார்.

சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. பேன்ட் குவியலின் உச்சியிலிருந்து ஒன்று சரிந்து தரையில் விழுந்தது. எடுத்துத் தட்டி மேலே வைத்தான். இடுப்புப் பட்டியில் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நர்ஸின் பெயர், அக்காவின் கையெழுத்தில்.

முற்றுப்புள்ளி என்ற பெயரிலேயே திரும்பவும் மன்றத்துக்குள் போனான். ஒரு கையில் தகட்டைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மெஷினைப் படம் எடுத்தான். படம் மன்றத்தில் ஏறியதும், யாரோ தள்ளிவிட்டதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துக்கொண்டது. மூலையில் அவன் கட்டைவிரல். ஒரு வரிகூட எழுதாமல் அனுப்பினான்.

"என்னடா பண்ற?" என்று குரல் வந்தது.

"எழுதிட்டிருக்கேன்."

டீ வருவதற்குள் பதில் வந்துவிட்டது. கேலிக்குத் தயாராகிக்கொண்டு பதிலைத் திறந்தான். ஆயில்கேன்.

"மெஷினத் திருப்பி வச்சுக்கிட்டு இடம் வலம் சொல்லியிருக்கீங்களே தலைவா. நீங்க சொன்ன இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். அது கீழ்நூல இழுத்துப் பிடிக்கற கொக்கி. படத்த முதல்லயே போட்டிருக்கலாம். பூனைன்னு சொன்னதும் நான் வேற எங்கயோ போயிட்டேன்." கீழே அவர் ஒரு படமும் சேர்த்திருந்தார். பட எதிர்ப்பு அணியின் வலதுகை எடுத்த படம். சிவப்பு வட்டம், சிவப்பு அம்புக்குறி, எல்லாம் ஒழுங்காக இருந்தன. ரொம்ப நாளாகப் பழகிய கை.

அம்புக்குறி காட்டிய இடத்தில் தகடு சத்தமில்லாமல் உட்கார்ந்தது. அக்கா டீயைக் கீழே வைத்துவிட்டு மிதியை அழுத்தினாள். ஓரம் பல்வரிசைபோல் விழுந்துகொண்டே போனது. அடுத்த பேன்ட்டை எடுத்தாள். அதற்கடுத்ததை அவன் மடித்து அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நீட்டினான். வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தபோது கடைசிக் கட்டுக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"போட்டோ போட்டியா?" என்றாள், வேன் போன பிறகு.

"விளக்கமா எழுதினேன். புரிஞ்சுக்கிட்டாங்க."

"ம்" என்றாள் அக்கா.

மன்றத்தில் அதற்குள் கலவரம். தலைவரே படம் போட்டுவிட்டார், இனி யாருக்கு வாக்களிப்பது என்று அணியினர் தவித்துக்கொண்டிருந்தார்கள். வாக்கெடுப்பு முடியச் சில நிமிஷங்களே இருந்தன. முற்றுப்புள்ளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுதினான்: "என் நிலைப்பாட்டில் எந்த மாற்றமும் இல்லை. வார்த்தைகளே போதும். இன்று நடந்தது ஒரு விபத்து. விபத்தைச் சட்டமாக்க வேண்டாம்."

அனுப்பிவிட்டு, பழைய பக்கங்களைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனான். அறிக்கையைத் தாண்டி, சண்டையைத் தாண்டி, விழுந்து விழுந்து சிரித்தவர்களைத் தாண்டி, ஊசிநூலின் படம் இன்னும் அங்கேயே பக்கவாட்டில் படுத்துக்கிடந்தது. கழுத்தைச் சாய்த்துப் பார்த்தான். அக்காவின் மெஷினேதான். அதே லூப்பர், அதே கொக்கி. நூல் ஒரு வளையத்தை விட்டுவிட்டுப் போயிருந்தது. கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே தெரிந்தது.

அக்கா கை கழுவப் போயிருந்தாள். மெஷினின் மூடியைத் திறந்து, விளக்கை இழுத்து வைத்து, நூல் போகிற வழி தெரியும்படி படம் எடுத்தான். விட்டுப்போன வளையத்தைச் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் போட்டான். அம்புக்குறி முதல் தடவை கோணலாக வந்தது. அழித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டான்.