மேல் அம்புக்குறி

என் கீபோர்டில் மேல் அம்புக்குறி அழிந்துபோயிருந்தது. மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த ஒரு விசை மட்டும் மொட்டை.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டுவேன். முன்பு தட்டிய நீளமான கட்டளை மறுபடி தேவைப்பட்டால் மேல் அம்புக்குறியை அமுக்கி ஒவ்வொன்றாகப் பின்னால் போவேன். நாற்பது, ஐம்பது தரம். கை வேகத்தில் தாண்டிவிட்டால் திரும்பக் கீழே வருவேன். ஆறு வருஷம் இப்படித்தான்.

"ரொம்ப ஸ்லோ"வாம். அதனால் என்னை டீமிலிருந்து எடுத்து, புகார் போன் எடுக்கும் இடத்தில் போடப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை மேனேஜர் கடைசி முடிவு சொல்வார்.

திங்கட்கிழமை ஒரு சர்வர் நின்றது. நான் அம்புக்குறியை அமுக்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் எட்டிப் பார்த்தான்.

"என்ன தாயே, கிணத்துல தண்ணி இறைக்கிறியா?"

"மூடிட்டு வேலையப் பாரு."

அவன் என் தோளுக்கு மேலே கை நீட்டி, கன்ட்ரோல் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அமுக்கினான். கட்டளையில் வரும் நாலு எழுத்தைத் தட்டினான். நான் தேடிய கட்டளை முழுசாக வந்து நின்றது.

"இது எப்ப வந்துச்சு?" என்றேன்.

"எப்ப வந்துச்சா? நாம பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கும். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலியே. வீட்ல எங்கப்பா செய்வாரு, அக்கா செய்வா. பாத்ததுதான்."

எங்கள் வீட்டிலும் பார்த்துக் கற்றேன். டைல்ஸ் ஒட்டும் அப்பாவைப் பார்த்து, தரை மட்டம் பார்க்கத் தெரியும். எந்த டைலுக்கு அடியில் கலவை இல்லாமல் பொள்ளலாக இருக்கிறது என்று தட்டும் சத்தத்திலேயே சொல்வேன். அதற்கு இங்கே யாரும் சம்பளம் தருவதில்லை. கல்லூரியில் நாலு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். கீபோர்டு எப்போதும் வேறொருத்தி மடியில். இங்கே சேர்ந்த பிறகு "தெரியாது" என்று ஒருமுறைகூட நான் சொன்னதில்லை. சொன்னால், இவளை எப்படி வேலைக்கு எடுத்தார்கள் என்று கேட்பார்கள்.

அன்று உட்கார்ந்து இன்னும் சிலவற்றைத் தேடிப்பிடித்தேன். கடைசியாகத் தட்டிய வார்த்தையை மட்டும் திரும்பக் கொண்டுவர ஒரு வழி. முன்பிருந்த ஃபோல்டருக்கே நொடியில் திரும்ப ஒரு வழி. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க அழுகை வரும் என்று நினைத்தேன். கோபமாவது வரும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. பல்லைப் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமைக்குள் என்னிடம் தேங்கிக் கிடந்த வேலை எல்லாம் தீர்ந்தது.

வெள்ளிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். கண்ணாடி அறை. ஏசி என் முகத்துக்கு நேராக.

"உக்காரும்மா. இந்த வாரம் பறக்கறியே. மாத்தப்போறோம்னு சொன்னதும் வேகம் வருதா? அப்ப இத்தன நாளும் வேணும்னே இழுத்தடிச்சிருக்க."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் சோம்பேறி. திறந்தால் முட்டாள். இரண்டில் ஒன்றை நானே எடுத்துக்கொள்ள வேண்டும்.

"தெரியாது சார்."

"என்ன தெரியாது?"

"கன்ட்ரோல் ஆர். திங்கக்கிழமைதான் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அம்புக்குறிய அமுக்கிட்டிருந்தேன்."

அவர் சிரித்தார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி சிரித்தார். "ஆறு வருஷமா? நெசமாவா?"

"வேணும்னா என் கீபோர்ட வந்து பாருங்க."

மானம் போகும் என்று காத்திருந்தேன். போன மாதிரியே தெரியவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஒருவர் பிரிண்டரில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, சீட்டுக்குப் போ. இந்த டீம்லயே இரு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பில் வந்த தண்ணீர்.

சீட்டுக்கு வந்தேன்.

"என்னாச்சு தாயே?"

"இங்கயேதான்."

"அப்ப ட்ரீட் எப்ப?"

நாற்காலியை அவன் பக்கம் திருப்பினேன். "எனக்குத் தெரியும்னு நீ நெனச்சிட்டிருக்கறது வேற என்னல்லாம் இருக்கு? ஒண்ணு விடாம சொல்லு."

அவன் சிரிக்கப் போனான். என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அது நெறைய இருக்குமே."

"இருக்கட்டும். ஆரம்பி."