சுருட்டு நாள்

சந்திரம்மா கருவாட்டுக் குழம்புச் சோற்றைப் பிசைந்து இரண்டாவது வாய் வைக்கும்போது ஓட்டலில் வேலை பார்க்கும் சம்பத் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். கையில் ஒரு டிபன் பாக்ஸ். சாகக் கிடக்கிறவனைப் பார்க்க ஆப்பிள் எடுத்து வருவார்கள், ஹார்லிக்ஸ் எடுத்து வருவார்கள். இவன் என்ன சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறான் என்று பார்த்தபடியே கையை உதறிவிட்டு எழுந்தாள்.

உள்ளே கட்டிலில் அவள் புருஷன் ஏசுபாதம் மூக்கில் குழாயோடு சாய்ந்திருந்தார். தலைமாட்டில் ஆளுயர ஆக்சிஜன் சிலிண்டர். இதயம் களைத்துப்போய்விட்டது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செங்கல்பட்டில் டாக்டர் சொல்லி ஒன்பது நாள் ஆகியிருந்தது. காலையில் வந்த நர்ஸ் வீங்கிய காலை அழுத்திப் பார்த்துவிட்டு, வரவேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மட்டும் சொன்னாள். மகன் ஆல்வின் சிறுசேரியில் ஷிப்டை மாற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருந்தான். மகள் ரூத் அப்பாவின் பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சம்பத் டிபன் பாக்ஸைத் திறந்தான். ஒரு ஓரமாக ஈரப் பஞ்சு, நடுவில் மெழுகுத்தாளில் சுற்றிய ஒரே ஒரு சுருட்டு. தங்கப் பட்டை கட்டி, கல்யாணப் பெண்ணைப்போல் படுத்திருந்தது.

"புதுப் பொட்டி வந்துகீதுண்ணா. உலகத்துக்கே எண்ணூறு பொட்டிதான் செஞ்சானுங்களாம். நம்ம ஓட்டலுக்கு ரெண்டு. நாளான்னிக்கு பார்ட்டி, கார்டு எழுதணும்" என்றவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கார்டு கெடக்குது வுடு. நீ பாக்காம பொட்டிய வெளிய வெக்க எனக்கு மனசு வரல."

சந்திரம்மாவுக்குச் சுள்ளென்று வந்தது. "உனுக்கு மூளை கீதா சம்பத்து? நெருப்புக் குச்சி கிட்ட வந்தாலே வூடு எகிறிடும்னு சிலிண்டர்க்காரன் சொல்லிட்டுப் போயிருக்கான். மூச்சு வுடவே முடியாத மனுசனுக்கு சுருட்டு எத்துக்கினு வந்துகீறியே!"

ஆனால் ஏசுபாதம் கையை நீட்டிவிட்டார்.

காலையிலிருந்து ஒரு தம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்கிய கை. சுருட்டு விரலுக்குள் வந்ததும் நடுக்கம் நின்றது. அதைக் காதருகே வைத்து மெல்ல உருட்டிக் கேட்டார். கட்டைவிரலால் மூன்று இடத்தில் அழுத்திப் பார்த்தார். நுனியை மூக்குக்குக் கொண்டுபோனார். குழாய் இடித்தது. தள்ளிவிடப் பார்த்தார். ரூத் பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன், மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் அந்தக் கடற்கரை ஓட்டல் கட்டியபோது, புல்தரைக்கு மண் கொட்டும் கூலியாகத்தான் ஏசுபாதம் உள்ளே நுழைந்தார். அப்புறம் நீச்சல் குளத்தில் துண்டு கொடுத்தார். அப்புறம் பாரில் கிளாஸ் துடைத்தார். தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் ஒரு கல்கத்தா சேட்டு, சுருட்டு போலி என்று மேஜையைத் தட்டிக் கத்தியிருக்கிறார். மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்த இவர் பெட்டியை முகர்ந்துவிட்டு, "சுருட்டு நல்லதுதான் சார், சோப்பு பக்கத்துல வெச்சுட்டாங்க" என்றார். ஸ்டோரில் போய்ப் பார்த்தால் பெட்டி இருந்த அலமாரியில் பக்கத்திலேயே குளியல் சோப்பு. அன்றிலிருந்து எந்தப் பெட்டியும் இவர் நாக்கைத் தாண்டாமல் மேஜைக்குப் போனதில்லை. சுருட்டின் ருசி என்னவென்று இவர் தமிழில் சொல்வார், பெட்டியோடு வைக்க சம்பத் அதை இங்கிலீஷில் கார்டாக எழுதுவான். கார்டைப் படித்த வெளிநாட்டுக்காரர்கள் ருசி சொன்ன ஆளைப் பார்க்கவேண்டும் என்று கேட்டு, இவருக்கு எழுந்து நின்று கை கொடுத்துவிட்டுப் போவார்களாம். நின்ற இடத்தில் உட்காரச் சொல்லாத மனிதர்களின் வயலில் நடவு நட்ட குடும்பம் இவருடையது.

சந்திரம்மாவுக்கு இதெல்லாம் காதில் விழுந்த கதை. அவளுக்குத் தெரிந்தது சுருட்டு நாள் மட்டும்தான். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும். அன்றைக்கு வீட்டில் வெங்காயம், பூண்டு, மிளகாய் எதுவும் கூடாது. உப்பில்லாத கஞ்சி. நாக்கைத் துடைக்கப் பொரியும் வெந்நீரும். "துரைக்கு இன்னிக்கு சுருட்டு நாளு" என்று பாத்திரத்தை ஓங்கி வைப்பாள். ராத்திரி திரும்பி வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் அவர் வாசற்படி ஏறவேண்டும். மார்கழியிலும் அதுதான் சட்டம். ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை.

"நீ இழு" என்றார் ஏசுபாதம்.

சம்பத்திடம் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். சம்பத் தலையைச் சொறிந்தான். "நான் நேத்தே ஒண்ணு இழுத்துப் பாத்தேண்ணா. எனுக்கு வெறும் பொகதான் தெரியுது. பாக்கெட் பாக்கெட்டா சிகரெட் குடிச்சி என் நாக்கு செத்தே போச்சு."

"நீ இல்ல. அவ."

ரூத் சிரித்துவிட்டாள். சந்திரம்மா சிரிக்கவில்லை. "இன்னா பேசற நீ? கெழவி நானு சுருட்டு குடிக்கணுமா?"

அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "அவ நாக்குதான் நாக்கு."

கேலியா என்று அவர் முகத்தைப் பார்த்தாள். இல்லை. இந்த ஒன்பது நாளில் அவர் கஞ்சி கேட்கவில்லை, தண்ணீர் கேட்கவில்லை, பாதிரியாரைக் கூடக் கேட்கவில்லை. கேட்டது இது ஒன்றுதான். இதையும் இல்லை என்று சொல்லிவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு அழுவது?

அவள் குனிந்ததும் அவர் மூக்கு சுருங்கியது. "கருவாடு தின்னியா?"

சாகிற நேரத்திலும் அந்த மூக்கைப் பார். அவள் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள். ரூத் பொரியும் வெந்நீரும் கொண்டு வந்தாள். மென்று, குடித்து, மறுபடி மென்று, நாக்கு வெள்ளைத் துணியாகும்வரை அவர் விடவில்லை.

முதலில் பற்றவைக்காமலே இழுக்கவேண்டுமாம். பச்சை இழுப்பு என்பார். சம்பத் நுனியை வெட்டிக் கொடுக்க, கட்டிலருகே நின்றபடியே வாயில் வைத்து இழுத்தாள்.

"இன்னா கீது?"

"காத்துதான் கீது."

"மூக்கால வுடு."

விட்டாள். ஏதோ இருந்தது. "வைக்கோலு."

"எந்த வைக்கோலு?"

"மழையில நனைஞ்சி அப்புறம் காஞ்ச வைக்கோலு."

ஏசுபாதத்தின் ஆள்காட்டி விரல் போர்வைமேல் லேசாக உயர்ந்தது. சம்பத் உடனே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து எழுதினான். அந்த விரல் உயர்ந்தால் எழுதலாம் என்று அர்த்தம். உயராவிட்டால் மேனேஜரே சொன்னாலும் எழுத முடியாது.

பற்றவைத்து இழுக்க, சிலிண்டரை விட்டுத் தள்ளி, கொல்லையில் துணி துவைக்கும் கல்லில் அவள் உட்கார்ந்தாள். சம்பத் கதவைச் சாத்திவிட்டு, குச்சியின் மருந்து எரிந்து தீரும்வரை காத்திருந்து, பிறகு சுருட்டைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கிப் பற்றவைத்தான். "நெஞ்சுக்கு உள்ள வுடாத அண்ணி. வாயில வெச்சிருந்து வுட்டுடு. எரிய எரிய மூணு பாகமா ருசி மாறும், ஒவ்வொண்ணா வந்து சொல்லு."

முதல் இழுப்பில் இருமல் வந்தது. இரண்டாவதில் கண்ணில் நீர் வந்தது. மதில்மேல் பக்கத்து வீட்டுச் செங்கம்மாளின் தலை எழும்பியது. "இன்னாடி சந்திரா, புருசன் அங்க இழுத்துக்கினு கீறான், நீ இங்க சுருட்டு இழுத்துக்கினு கீற?"

"அவரு வேலையத்தான்டி பாத்துக்கினு கீறேன்" என்றாள் சந்திரம்மா. செங்கம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. தலை இறங்கிப்போனது.

ஐந்தாவது இழுப்பில் வாய் பழகியது. புகையை நாக்கின்மேல் உட்கார வைத்துப் பார்த்தாள். எங்கேயோ தெரிந்த ருசி. யாரோ பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. சுருட்டைக் கல்லில் வைத்துவிட்டு வேகமாக உள்ளே போனாள்.

"மல்லி. வறுத்த மல்லி. கருகறதுக்கு முன்னாடி எறக்கினது."

விரல் உயர்ந்தது. சம்பத் எழுதவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணன் தொண்ணூத்தாறுல சொன்ன அதே வார்த்த, அண்ணி."

"எந்த வார்த்த?"

"உனுக்குத் தெரியாதா? பதினாலு வருசமா அண்ணன் சொல்றதெல்லாம் உன் அடுப்பங்கரதான். சந்திரா வறுக்குற மல்லி. சந்திரா காச்சுற பனவெல்லம். சந்திரா சட்டி தேய்க்கிற சாம்பலு. உன் பேர மட்டும் எடுத்துட்டு நான் இங்கிலீஷ்ல எழுதுவேன்."

அவள் ஏசுபாதத்தைப் பார்த்தாள். அவர் திருட்டுத்தனம் பிடிபட்ட பையனைப்போல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உப்பில்லாத கஞ்சியை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்ட அத்தனை நாளும், இந்த மனிதன் போய் அவள் சமையலைக் கோட்டு போட்டவர்களிடம் புகழ்ந்துகொண்டிருந்திருக்கிறார். இவ்வளவு பெரிய ஆளோடா நான் குடும்பம் நடத்தினேன் என்று முதல்தடவையாக அவளுக்குத் தோன்றியது.

அதனால்தான் இரண்டாம் பகுதியில் தப்பு செய்தாள். பாதியளவு எரிந்த சுருட்டை விட்டு வந்தவள், அவர் தகுதிக்கு ஏற்றமாதிரி ஏதாவது சொல்லவேண்டும் என்று, "ஏலக்கா. அப்புறம் குங்குமப்பூ" என்றாள்.

விரல் அசையவில்லை. ஒரு கண் மட்டும் திறந்தது. "நீ எப்ப குங்குமப்பூ தின்ன?"

ரூத் வாயைப் பொத்திக்கொண்டாள். சம்பத் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது.

"நாக்குல இல்லாதத..." என்று ஆரம்பித்தவர், மூச்சு போதாமல் நிறுத்தி, மறுபடி சொன்னார். "சொல்லாத."

திட்டு வாங்கிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். கோபம் வரவில்லை. மறுபடி வந்து, "வேக வெச்ச வேர்க்கல்ல. பருப்பு இல்ல, அந்தத் தோலு" என்றாள். விரல் உயர்ந்தது, முன்னைவிட மெதுவாக.

கடைசிப் பகுதிக்குக் கிளம்புமுன் கதவருகே நின்று கேட்டாள். "முடிஞ்சதும் இன்னா பண்றது? மிதிச்சுடவா?"

அதைக் கேட்டதும் அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கப் பார்த்தார். "மிதிக்காத. நசுக்காத. அப்டியே வை. தானா அணையும்." ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு செலவானது. "மரியாதையா போவட்டும்."

கொல்லையில் வெயில் சாய்ந்திருந்தது. கடல் காற்று எழும்பிவிட்டதால் புகை அவள் முகத்திலேயே திரும்பி விழுந்தது. இப்போது அவளுக்கு அவசரமில்லை. ஒரு இழுப்பு, ஒரு இடைவெளி. சாம்பல் விரற்கடை நீளத்துக்கு உடையாமல் நின்றது. நல்ல கை சுற்றினால்தான் அப்படி நிற்கும் என்று எப்போதோ அவர் சொன்னதும், போய்யா என்று அவள் சொன்னதும் ஞாபகம் வந்தது. கசப்புதான் முதலில் வந்தது. அது போகட்டும் என்று காத்திருந்தாள். கசப்புக்கு அடியில் வேறொன்று இருந்தது. என்னவென்று தெரிந்த அந்த நொடியில் வாய் நிறையப் புகையை இழுத்தாள்.

"அம்மா!" என்று ரூத் கூப்பிட்டாள்.

சுருட்டைக் கல்மேல் வைத்தாள். வாயை மூடியபடியே புகையை மூக்கால் விட்டுக்கொண்டு ஓடினாள். ஏசுபாதத்தின் மூச்சு ஒன்று வந்து, அடுத்தது வராமல் நின்று, பிறகு வந்தது. கண் கதவையே பார்த்திருந்தது. அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். சொல்லவேண்டியது நாக்கில் இருந்தது, சொல்ல வாய் வரவில்லை. வெறும் மூச்சுதான் வந்தது. அவர் மூக்கு விரிந்தது. குளித்துவிட்டு வா என்று பதினான்கு வருஷம் விரட்டிய அந்த வாசனையை அவள் வாயிலிருந்து அவர் மெதுவாக, உள்ளே வரைக்கும் இழுத்தார்.

போர்வைமேல் விரல் உயர்ந்தது.

அப்புறம் இறங்கியது. ரூத் அப்பா என்று கத்தியபோதும் சந்திரம்மா குனிந்தபடியேதான் இருந்தாள்.

ஆல்வின் வந்தபோது சிலிண்டரை மூடியிருந்தார்கள். தெரு முழுக்க ஆள். சபைக்காரர்கள் பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். சம்பத் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓட்டலுக்குப் போன் செய்துவிட்டு வந்து, அட்டையை மடித்துப் பைக்குள் வைத்தான். சந்திரம்மா அவனைக் கிட்டே கூப்பிட்டாள்.

"மூணாவது எழுதலையே."

"இப்ப போயி இன்னாத்துக்கு அண்ணி..."

"எழுதிக்கோ. பாலு பொங்கி அடுப்புல வழிஞ்சா ஒரு வாசன வரும் பாரு. அது." அவன் பேனாவைத் தேடினான். "அவரு வெரல தூக்கிட்டாரு. நான் பாத்தேன்."

அவன் எழுதினான். தமிழிலேயே எழுதினான். முதல் வரியில் அவள் பெயரையும் சேர்த்தான்.

உடம்பைக் கழுவத் தண்ணீர் எடுக்க செங்கம்மாள் குடத்தோடு கொல்லைக்குப் போனாள். கல்மேல் இருந்த சுருட்டை எடுக்க அவள் கை நீண்டதும், "அத தொடாத" என்று சந்திரம்மா உள்ளிருந்தே சொன்னாள். செங்கம்மாள் குடத்தைத் தரையில் வைத்தாள். அவ்வளவு காற்றிலும் சாம்பல் உடையவில்லை. நுனியில் இன்னும் கொஞ்சம் சிவப்பு இருந்தது.