இரும்புக் கதவில் மர ரேகை

அப்பா கதவில் மரக்கணு வரைந்துகொண்டிருந்தார். சுண்டுவிரலில் கந்தல் துணியைச் சுற்றி, காயாத பழுப்பு வண்ணத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தார். பழைய கதவில் எங்கே இருந்ததோ அதே இடத்தில், அதே நெல்லிக்காய் அளவில். மகள் சுவரோரம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுச் சொந்தக்காரர் மாட்டிவிட்டுப் போன இரும்புக் கதவு, காலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மரமாகிக்கொண்டிருந்தது.

முப்பது வருஷமாக அவருக்கு இதுதான் பிழைப்பு. இரும்போ சிமெண்டோ ஒட்டுப்பலகையோ, எதைக் கொடுத்தாலும் தேக்காக்கிவிடுவார். வளைந்த ரப்பர்க் கட்டையை ஈர வண்ணத்தின் மேல் அசைத்து அசைத்து இழுத்தால் போதும், நூறு வருஷம் மழை குடித்த மரத்தின் ரேகை வந்து இறங்கும். "நீ போட்ட மரத்தைக் கடிச்சா கரையானுக்குப் பல்லு போயிரும்ப்பா" என்பான் தம்பி. வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் அதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொள்வார் அப்பா.

தம்பி போய் இருபத்திரண்டு நாள். வலிப்பு வருகிற பையன், கதவைத் தாழிடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கு அவளுக்குக் கம்ப்யூட்டர் வழியாக வேலைக்கான இன்டர்வியூ. குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் படிப்புக்கு அன்றைக்குத்தான் ஒருத்தன் காது கொடுக்கிறான். பக்கத்து அறையில் தம்பி வைத்த பாட்டு அலறியது. "கதவைச் சாத்திக்கிட்டுக் கிடடா, சனியனே" என்றாள். சாத்தினான். வீம்புக்குத் தாழும் போட்டான். நடுவில் தொம்மென்று ஒரு சத்தம். கோபத்தில் எதையோ எறிகிறான் என்று நினைத்து, தன்னுடைய திறமைகளைப் பற்றி இன்னும் நாற்பது நிமிஷம் பேசினாள். அந்த வேலை கிடைத்தும்விட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தையும்தான்.

அப்பா வந்துதான் கடப்பாரையால் அந்த அறைக் கதவை உடைத்தார். காரியமெல்லாம் முடிந்ததும் அம்மா சித்தி வீட்டுக்குப் போனவள்தான். "அந்த ஒடஞ்ச கதவைப் பாக்குற தெம்பு எனக்கில்ல" என்று சொல்லிவிட்டாள். நாளைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தங்குவாளா என்பது அம்மாவுக்கே தெரியாது.

"யாரை ஏமாத்தப் போறப்பா?"

"ஒங்கம்மாவை மட்டுந்தான்."

"தொட்டா ஜில்லுனு இருக்கும். அம்மா என்ன கொழந்தையா?"

அப்பா திரும்பவில்லை. "ஒடையறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே இருந்தா, வந்து ஒரு வாய் தண்ணி குடிப்பா. அப்புறம் ரெண்டு நாள் இருப்பா. அந்த ரேகைச் சீப்பை எடு."

எடுத்துக் கொடுத்தாள். அழாமல் ஒரு மனுஷன் கதவுக்குச் சாயம் பூசுகிறான் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பக்கத்தில் இருந்த வண்ண டப்பாவை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்றுகூட இருந்தது.

மறுநாள் சாயங்காலம், வார்னிஷ் காய்ந்த பிறகு, அம்மா வந்தாள். பையைக் கீழே வைக்காமல் நேராகக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். அப்பா ஓர் ஓரமாக, போன இடத்தில் வேலையை முடித்துவிட்டு அந்த வீட்டுக்காரர் வாயைப் பார்ப்பாரே, அப்படி நின்றார்.

எல்லாம் இருந்தன. இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. தம்பி ஆறு வயதில் ஆணியால் கீறிய பஸ், நாலு சன்னலோடு. அம்மாவின் விரல் ஒவ்வொன்றின் மேலும் மெதுவாகப் போயிற்று. பஸ்ஸின் மேல் வந்தபோது அவள் முகம் சற்று இளகியதுகூட. பிறகு விரல் கைப்பிடி பக்கம் வந்து நின்றுவிட்டது.

"இது என்னங்க?"

கைப்பிடியை ஒட்டி, அன்றைக்குக் கடப்பாரை ஏறிய இடத்தில், ஒன்றரைச் சாண் நீளத்துக்கு, ரேகைகளைக் குறுக்கே கிழித்துக்கொண்டு ஒரு பிளவு இறங்கியது. ஓரங்களில் சிலாம்பு நின்றது. உள்ளே சாயம் ஏறாத மரத்தின் வெளிறிய நிறம்கூடத் தெரிந்தது. அத்தனை சுத்தமான வேலை.

அப்பா குனிந்து பார்த்தார். அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "பழசைக் கண்ணுல நிறுத்தி வச்சுத்தானே போட்டேன்..."

முந்தின நாள் பகல் முழுக்க மகள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிளவு கண்ணில் படவே இல்லை. அவள் கண்ணிலும் நின்றது அந்த உடைந்த கதவுதான்.

"ஒரு நிமிஷம், தேய்ச்சு எடுத்துடறேன்..." அப்பா உப்புத்தாளைத் தேடி ஓடப் பார்த்தார். அம்மா அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க."

"அழிச்சிரலாம்டி, ஒண்ணும் தெரியாது."

"இத்தன நாளும் நீங்க இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்களா? தனியாவா?"

வண்ணம் ஏறிய நகங்களோடு அந்தக் கையை அம்மாவின் பிடிக்குள்ளேயே விட்டுவிட்டார் அப்பா. "அம்மா" என்றாள் மகள். அந்தச் சத்தத்தைச் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அம்மா பையை அவளிடம் நீட்டிவிட்டு, கதவைத் தள்ளி உள்ளே போனாள். எண்ணெய் போட்ட புதுக் கீல்; கதவு தன் பாட்டுக்குத் திரும்பி மூடிக்கொண்டு வந்தது. நாலு விரற்கடை இடைவெளி இருக்கும்போது நின்றது. உள்ளேயிருந்து அம்மாவின் விரல்கள், வண்ணம் பூசாத அந்த இரும்பு விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன.