கீழ விட்டுடாதே

வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தானே விமானம் கட்டிப் பறந்த வெல்டர், பாராசூட்டோடு குதித்த நாளிலிருந்து இன்றுவரை தரையில் கால் வைக்கவில்லை. குதித்தது ஒரு வியாழக்கிழமை. அன்று காற்று குறைவு, வெங்காய விலை அதிகம். புதிதாகக் குடிவந்தவர்கள் அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்தால், பக்கத்தில் நிற்பவர் "அதுக்கென்ன இப்போ, பஸ் வருது பாருங்க" என்று தோளைத் தட்டுவார்.

அவர் தொழில் வாசலுக்கு இரும்பு கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்வது. மிஞ்சிய நேரமெல்லாம் இரும்புக் குழாய்களை வளைத்து ஒட்டி, வருடக்கணக்கில் ஒரு விமானத்துக்கு எலும்புக்கூடு கட்டினார். இறக்கைக்குத் துணி தைத்துப் போர்த்தியவள் அவர் மனைவி, அதே தெருவில் தையல் கடை வைத்திருந்தவள். எஞ்சினைத் தேடிக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி, மோட்டார் மெக்கானிக். ஊர்க்காரர்கள் அவருக்கு ஆகாசம் என்று பெயர் வைத்தார்கள். "ஆகாசம் இருக்காரா?" என்று யாராவது கேட்டுவந்தால், "இன்னும் தரையிலதான் இருக்காரு" என்று மெக்கானிக்கே சொல்லிச் சிரிப்பான்.

மனைவி அவரைத் தடுக்கவில்லை. தடுத்துப் பயனில்லை என்பது அவளுக்குக் கல்யாணமான முதல் மாதமே தெரியும். ஒன்றே ஒன்று கேட்டாள்: முதல் தடவை பறக்கும்போது பாராசூட் கட்டிக்கொள்ள வேண்டும். அவருக்கு வந்ததே கோபம். "நான் ஒட்டின கேட்டு எதாவது இன்னிவரைக்கும் விட்டிருக்கா? என் பிளேன் மேல எனக்கே நம்பிக்கை இல்லைன்னு தமுக்கடிக்கச் சொல்றியா?" என்று குதித்தார். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "நம்பிக்கையை பிளேன் மேல வெச்சுக்குங்க. முதுகு மேல பாராசூட்டை வெச்சுக்குங்க" என்றாள். பேச்சு அத்தோடு முடிந்தது.

பட்டாளத்தில் கழித்துப்போட்ட பழைய பாராசூட் ஒன்று கிடைத்தது. துணி நன்றாக இருந்தது, நூல் இற்றுப்போயிருந்தது. அவள் ஒவ்வொரு தையலையும் பிரித்து மறுபடி தைத்தாள். தைக்கும்போது துணியோடு பேசுவது அவள் வழக்கம். சட்டையிடம் "சுருங்கிடாதே" என்பாள், பையிடம் "கிழிஞ்சிடாதே" என்பாள். அவள் தைத்த சட்டை சுருங்கியதுமில்லை, பை கிழிந்ததுமில்லை. இது ஊருக்கே தெரிந்த விஷயம், அதனால்தான் கடையில் கூட்டம். பாராசூட்டிடம் அவள் சொன்னது, "கீழ விட்டுடாதே." ஒரு தையலுக்கு ஒரு தடவை. கண்ணீர் வந்தபோதும் சொன்னாள், அடுப்பில் பால் பொங்கியபோதும் சொன்னாள்.

பாராசூட் மூட்டையைக் கட்டிக்கொண்டு விமானத்துக்குள் உட்கார்ந்தால் தலை கூரையில் இடித்தது. முனகிக்கொண்டே இருக்கையை அறுத்துத் தாழ்த்தினார். ஒரே இழுப்பில் கதவு தனியாகக் கழன்று விழும்படி கீல்களுக்கு உருவுகம்பி போட்டார். அதோடு அவள் விடவில்லை. தினமும் சாயங்காலம் அவரைக் கொட்டகையில் விமானத்துக்குள் உட்காரவைத்து "குதி!" என்று கத்துவாள். அவர் கம்பியை உருவ வேண்டும், கதவைத் தள்ள வேண்டும், இறக்கை மேல் உருண்டு கீழே போட்ட மெத்தையில் விழ வேண்டும். பக்கத்து வீட்டார் மதில்மேல் கையூன்றி வேடிக்கை பார்த்தார்கள். "மாமா, பிளேன் பறக்குமோ என்னமோ, நீங்க நல்லா விழறீங்க" என்றான் மெக்கானிக்.

விமானம் பறந்தது. ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டாவது சுற்றில் வால் உதற ஆரம்பித்து, பாதி வால் காகிதம் மாதிரிப் பிய்ந்துபோனது. மைதானத்தில் நின்ற அவள் தன்னை மறந்து "குதி!" என்று கத்தினாள். அவ்வளவு உயரத்துக்குக் கேட்டிருக்க வழியில்லை. ஆனாலும் பழகிய கை கம்பியை உருவியது, பழகிய உடம்பு உருண்டது. விமானம் வறண்ட ஏரியில் விழுந்து எரிந்தது. வெள்ளைத் துணி விரிந்தது. விரிந்து, அங்கேயே நின்றுவிட்டது.

மத்தியானம்வரை காத்திருந்தார்கள். பிறகு காற்று அவரை மெல்லத் தள்ளிக்கொண்டுவந்து அவர் வீட்டு முற்றத்துக்கு நேர் மேலே நிறுத்தியது. தீயணைப்பு வண்டி வந்தது. ஏணி உயர்ந்த அளவு அவரும் உயர்ந்தார். கயிறு போட்டு இழுத்தார்கள். இழுத்தவர்களையும் சேர்த்துத் தூக்கியது, அவர்கள் பயந்து கயிற்றை விட்டதும் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மெக்கானிக்தான் கேட்டான்: "அக்கா, தைக்கும்போது இதுகிட்ட என்ன சொன்னே?" சொன்னாள். அவன் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, தரையில் உட்கார்ந்துவிட்டான். "அது மேல என்ன தப்பு? சொன்னதைத்தானே செய்யுது" என்றான். அவள் உடனே மேலே பார்த்து "விடு" என்று சொல்ல வாயெடுத்தாள். அந்த உயரத்திலிருந்து விட்டால் என்ன ஆகும் என்று தோன்ற, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதன்பின் வருடங்கள் போயின. அந்தக் கயிற்றையே கீழே விட்டு அவரே சாப்பாட்டை இழுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டார் நிழல் விழுகிறது, துணி காயவில்லை என்று சண்டைக்கு வந்தார்கள், பிறகு வெயில் காலத்தில் அந்த நிழலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். வீட்டுச் சுவரில் பூஞ்சை ஏறியது. ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் கைக்கு எட்டவில்லை. விதவை என்று அழவும் முடியாது, சுமங்கலி என்று சிரிக்கவும் முடியாது. "அன்னைக்கு நான் வாயை மூடிக்கிட்டுத் தச்சிருக்கலாம்" என்று அவள் ஒருநாள் அழுதாள். "மூடியிருந்தா ஏரியிலதானே கிடந்திருப்பேன்" என்று மேலிருந்து குரல் வந்தது.

அவள் கீழிருந்து கத்தியது எதுவும் துணிக்கு ஏறவில்லை. ஊசி வழியாகப் போன பேச்சைத்தான் அது கேட்டது. ஆகவே சாப்பாட்டுக் கயிற்றில் ஊசியும் நூலும் மேலே போயின. "மெல்ல இறக்குன்னு சொல்லித் தைங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாதீங்க" என்றாள். இரும்பு ஒட்டிய கை, விரலெல்லாம் குத்திக்கொண்டு மார்புப் பட்டையில் முதல் தையலைப் போட்டது. துணி ஒரு தையல் நீளம் இறங்கியது. அவ்வளவுதான். அவள் சொன்னதையும் அது மறக்கவில்லை, அவர் சொன்னதையும் தட்டவில்லை. ஒருமுறை அலுத்துப்போய் "சனியனே, விடேன்" என்று முனகிக்கொண்டே குத்திவிட்டார். பட்டென்று ஒரு வார் அறுந்து, ஒரு மாடி உயரம் விழுந்து, பழைய தையல்கள் பிடித்து நிறுத்தின. தெருவே அலறியது. அன்று அவள் திட்டிய திட்டு கடைத்தெருவரை கேட்டது. அதற்குப் பிறகு அவர் தைக்கும்போது வேறு எதையும் நினைக்கக்கூட இல்லை.

மொட்டை மாடி மட்டத்துக்கு அவர் வந்தபோது அவள் தலை நரைத்திருந்தது. ஜன்னல் மட்டத்துக்கு வந்தபோது அவள் படுக்கையில் விழுந்திருந்தாள். மருத்துவர் மெக்கானிக்கைத் தனியே அழைத்து உதட்டைப் பிதுக்கினார். கட்டிலை முற்றத்தில், அந்த நிழலுக்குள் போட்டார்கள். அவர் சாப்பிடாமல் தைத்தார். ஆனால் பட்டையில் இடம் தீர்ந்தது, வாரில் இடம் தீர்ந்தது, கைக்கு எட்டிய இடமெல்லாம் நூலாகிவிட்டது. கடைசித் தையல் போட்டபோது அவர் பாதத்துக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு சாண் பாக்கி. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வாய்விட்டு அழுதார்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். "தம்பி, அவருக்கு எறங்கத் தெரியலைன்னா நம்ம ஏறிக்க வேண்டியதுதானே? கட்டிலைத் தூக்குடா" என்றாள். மெக்கானிக் நாலு காலுக்கும் செங்கல் வைத்தான். அவர் கால் கட்டிலில் பட்டது. காலை மடக்கி, மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டில் கிறீச்சிட்டது. அவள் அவர் கையை எடுத்துத் தடவி, ஊசி குத்திய தழும்புகளைப் பார்த்து, "தையல் ஒண்ணும் நேரா இல்லை" என்றாள். அந்த வாரக் கடைசியில், அவர் கை அவள் நெற்றிமேல் இருக்கும்போதே, போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்தபின் மெக்கானிக் பெரிய கத்தரிக்கோலோடு வந்தான். "ஒரு கட்டில் உயரம்தான் மாமா. வெட்டிட்டா எறங்கிடலாம்." அவர் கட்டிலில் உட்கார்ந்தபடியே வாரைத் தடவிப் பார்த்தார். அவர் போட்ட கோணல் தையல்களுக்கு அடியில் அவளுடைய தையல்கள் நேராக, நெருக்கமாக இருந்தன. "வேணாம்டா மாப்ளே. அவ விட்டுடாதேன்னு சொல்லியிருக்கா" என்றார்.

செங்கல்லை எடுக்கவில்லை. போன வருடம் கொத்தனாரை வைத்து முற்றம் முழுக்கக் கட்டில் மட்டத்துக்கு ஒரு திண்ணை எழுப்பிக்கொண்டார்கள், அவர் அதில் நடமாடுகிறார். மழைக்காலத்தில் அந்த ஒரு முற்றம் மட்டும் நனைவதில்லை.