மிதிக்காத சைக்கிள்

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டு வரிசையில் எல்லோரும் காருக்கும் மோட்டார் பைக்குக்கும் மாலை போட்டார்கள். நான் சைக்கிளுக்குப் போட்டேன். ஹேண்டிலில் சந்தனம், குங்குமம், நடுவில் ஒரு முழம் மல்லிகை, முன்சக்கரத்துக்கு அடியில் ஓர் எலுமிச்சம்பழம், பின்சக்கரத்துக்கு அடியில் இன்னொன்று. பக்கத்து வீட்டு கஸ்தூரி அக்கா தன் புதுக் காரைத் துடைத்துக்கொண்டே வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"என்னா தேனு, சைக்கிளுக்கு எலுமிச்சங்காயா? முட்டைய வச்சாக்கூட ஒடையாது லா!"

"இது சும்மா சைக்கிள் இல்லக்கா, கரண்டு சைக்கிள். புது பேட்டரி வந்திருக்கு. உங்க காருக்குப் பெட்ரோல் ஊத்தி ஊத்தி நீங்க தேஞ்சி போனதுதான் மிச்சம்" என்றேன். அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் குணாளன் மட்டும் படம் பிடிக்க நிறுத்தி வைத்தவர் மாதிரி ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதுமே அப்படித்தான்.

"சிலிப்பரக் கழட்டுங்க. பூஜ போட்ட வண்டி" என்று அதட்டினேன். மறு பேச்சில்லாமல் கழற்றினார். வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்து, இரண்டு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிவிட்டு, வரிசையை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்சக்கரத்தில் இருக்கிற மோட்டார் உய்யென்று இழுக்கும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. திரும்பி வந்ததும் அவருக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து ஆலம் சுற்றி, அந்தச் சிவப்புத் தண்ணீரை கேட்டுக்கு வெளியே கொட்டினேன். அவர் அதன் மேலேயே நடந்து உள்ளே போனார்.

தட்டை வைக்க சாமி மேடைக்குப் போனபோதுதான் பார்த்தேன். வாசலிலிருந்து கூடம் வரைக்கும் வெள்ளை டைல்ஸ் மேல் சிவப்புச் சிவப்பாகக் கால்தடம். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காலையில்தான் குனிந்து குனிந்து வீடு முழுவதும் துடைத்திருந்தேன்.

"ஆலத்தண்ணியப் பாத்து மிதிக்கத் தெரியாதா? கண்ணு எங்க இருக்கு?"

"சரி தேனு, தொடச்சிடு" என்றார் டிவியைப் பார்த்துக்கொண்டே.

துடைத்தேன். எல்லாத் தடமும் வலது கால்தான். இடது கால் தண்ணீரில் படவில்லை போல என்று நினைத்துக்கொண்டு துணியைப் பிழிந்து காயப் போட்டேன்.

இந்தச் சைக்கிளின் கதையையும் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அவர் சாலை விளக்கு முன்னால் மோட்டார் பைக்கோடு விழுந்தார். நின்றுகொண்டிருந்த மோட்டார்தான், பச்சை விழுந்ததும் எகிறிவிட்டது. கியர் மாட்டிக்கொண்டது என்றார். அந்த வாரமே மோட்டாரை விற்றுவிட்டார். அடுத்த வாரம் ஒரு பெரிய பெட்டி வந்தது. மோட்டார் வைத்த பின்சக்கரம், பேட்டரி, முறுக்கினால் ஓடுகிற கைப்பிடி, பிடித்தால் மோட்டாரும் சேர்ந்து நிற்கிற பிரேக், ஒரு பை நிறைய ஒயர். பாசிர் கூடாங் துறைமுகத்தில் எண்ணெய் லோரிகளை எடை போடும் மேடையில் உட்கார்ந்த வேலை பார்க்கிற மனிதர் இவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் போர்ச்சில் குந்தி, மைலோ டின்மேல் போனைச் சாய்த்து வைத்து, நாங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத பாஷையில் ஒருவன் பேசுகிற வீடியோவைப் பார்த்துப் பார்த்துத் தானே மாட்டினார்.

சும்மா சொல்லக் கூடாது, ஓடியது. முதல் மாதமே பின்னச்சு கழன்று சுழன்று ஒயரையெல்லாம் முறுக்கி அறுத்துவிட்டது. வெல்டிங் கடையில் ஓர் இரும்புக் கை செய்து வந்து அச்சு சுழலாமல் முட்டுக் கொடுத்தார். மோட்டார் கனம் தாங்காமல் கம்பிகள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும், மாற்றுவார். முதல் மழைக்காலத்தில் கன்ட்ரோல் பெட்டிக்குள் தண்ணீர் போய்ச் செத்தது. இரண்டாவது பெட்டியை ரொட்டிப் பையில் சுற்றி ரப்பர் போட்டுக் கட்டினார், அது இன்றைக்கும் இருக்கிறது. பேட்டரிதான் மனுஷனைப் போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ஆரம்பத்தில் போய் வந்தும் பாதி மிச்சமிருக்கும். அப்புறம் வேலை இடத்தில் சார்ஜ் போட்டால்தான் வீடு வர முடியும் என்றானது. கடைசி ஆறு மாதம் மேம்பாலத்து ஏற்றத்தில் படுத்துக்கொள்ளும். வேகாத வெயிலில் தள்ளிக்கொண்டே வருவார்.

"மிதிச்சிட்டு வரவேண்டிதான? அது சைக்கிள்தான?" என்று கேட்டிருக்கிறேன்.

"வெயிட்டு தேனு."

நான் ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். என்னோடு தொழிற்சாலை வேலைக்குக் கிலாங் பஸ்ஸில் வருகிற பெண்களிடம், கோயிலில், கல்யாண வீட்டில், எங்கேயும். எங்க வீட்டுக்காரரு தெனமும் வேலைக்கு சைக்கிள் மிதிச்சிதான் போறாரு, இனிப்பு நீருக்கு அதுதான் மருந்து. உங்காளு காலே ஆட்டாம உக்காந்துகிட்டு போறாரேடி என்று கஸ்தூரி அக்கா ஒருமுறை சொன்னபோது, அது மேட்டுக்கு மட்டும்தான்க்கா, சமதரையில மிதிப்பாரு என்று நான்தான் அடித்துப் பேசினேன். கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ரத்தத்தில் இனிப்பு குறையவில்லை என்றார்கள். நான் மாமாக் சாப்பாட்டுக் கடையின் இனிப்புத் தேத்தண்ணீரைத் திட்டினேன்.

பூஜை முடிந்த நாலாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது. எனக்கு அன்றைக்கு லீவு. அவர் காய்ச்சலடிக்கிற மாதிரி இருக்கிறது என்று வேலைக்குப் போகாமல் கூடத்தில் சோபாவில் கிடந்தார். சைக்கிள் போர்ச்சின் ஓரத்தில் நனைந்துகொண்டிருந்தது. மற்ற நாளென்றால் யாரையும் தொட விடமாட்டார், அவரே வந்து உள்ளே தள்ளுவார். நான் போய்ப் பின்னால் இழுத்தேன். நகரவில்லை. மோட்டார்தான் தடுக்கிறதாக்கும் என்று குனிந்து பார்த்தேன். முன்னால் தள்ளினால் சக்கரம் தனியாகச் சுழலும், பின்னால் இழுத்தால்தான் செயினையும் இழுக்கும். செயின் ஒரே துருக்கட்டி. ஒரு கண்ணிகூட மடங்கவில்லை, விரலால் தட்டினால் செம்மண் மாதிரி உதிர்ந்தது. அது ஒரு மாதத் துரு இல்லை, ஒரு வருஷத் துருவும் இல்லை.

பெடலைக் காலால் அழுத்தினேன். அசையவில்லை. வலது பெடலில் ரப்பர் தேய்ந்து போய் இரும்புப் பற்கள் மட்டும் நின்றன. ஒரு பல்லின் நுனியில் கறுப்பாக என்னவோ காய்ந்திருந்தது. மழைச் சாரல் பட்டுப் பட்டு அது சிவப்பாகக் கரைந்து வழிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மனசுக்குள் ஒன்றுமே ஓடவில்லை. கூடத்தில் துடைத்த தடம் எல்லாமே வலது கால் என்பது மட்டும் ஞாபகம் வந்தது.

உள்ளே போனேன். சோபாவின் கைமேல் காலை நீட்டிப் போட்டிருந்தார். வலது பாதத்தின் அடியில், சுண்டு விரலுக்குக் கீழே, ஒரு வெள்ளிக்காசு அகலத்துக்குக் கறுத்துக் கிடந்தது. சுற்றிலும் வீங்கிப் பளபளத்தது. அப்போதுதான் அந்த வாடையும் தெரிந்தது. மழை ஈரத்தில் துணி சரியாகக் காயவில்லை என்று நேற்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலையா?"

"என்னது?"

"கால்."

அவர் எழுந்து உட்கார்ந்து, காலைத் திருப்பிப் பார்த்தார். யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "அலமாக்" என்று மலாயில் அங்கலாய்த்தார், அவ்வளவுதான்.

என் கொண்டை ஊசியைக் கழற்றி அவர் குதிகாலில் குத்தினேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாளா?"

"மோட்டார விக்கிறதுக்கு முன்னாடியே." தொண்டையைச் செருமிக்கொண்டார். "கியர்ல கால் இருக்கா, பிரேக்ல இருக்கான்னே தெரியல தேனு. குனிஞ்சி பாத்துதான் அமுக்கணும். அன்னிக்கு விளக்குல குனிஞ்சி பாக்கத்தான் போனேன்."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னா?"

"சொன்னா வேலைக்குப் போவாதீங்கன்னு சொல்லுவ. வேலைக்குப் போவாம வீட்டுல ஒக்காந்து என்னா செய்றது?" மறுபடியும் காலைப் பார்த்தார். "இதுல எல்லாமே கையிலதான். பிரேக்கு, ஓட்றது, எல்லாம். இந்த சைக்கிளுக்குக் கால் வேணாம் தேனு."

எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. நாலு வருஷமாக என்னை ஊரில் பொய்க்காரியாக்கி வைத்திருக்கிறார். அறையவில்லை. அழுகையும் வரவில்லை. சிலிப்பரைக் கழற்றச் சொன்னது யார்? நான்தானே. தேய்ந்த சிலிப்பராக இருந்தாலும் அந்த ரப்பர்தான் இத்தனை நாள் அவரைக் காப்பாற்றியிருக்கிறது. சாமிக்குப் பயந்து அதைக் கழற்ற வைத்து, அந்தப் பல்லின் மேல் ஏற்றிவிட்டு, ஆலமும் சுற்றினேன். அவர் ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவரையே திட்டினேன். இதையெல்லாம் நினைக்கிறபோது யாரோ பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி நினைக்கிற மாதிரிதான் இருந்தது. கஸ்தூரி அக்காவைக் கூப்பிட்டேன். அக்கா கார்ச் சாவியோடு ஓடி வந்தார், கதவைத் திறந்ததும் வாடை பிடித்து மூக்கை மூடினார், உடனே கையை எடுத்துவிட்டார். மாலை வாடிக் கிடந்த அந்தக் காரில்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண். எங்கள் வயசுக்கு மகள் மாதிரி. அவசரப்படாமல், நாங்கள் புரிந்துகொள்ளும்படி மலாயில் சொன்னார். கிருமி உள்ளே இறங்கியிருக்கிறது. நாளைக் காலையில் திறந்து பார்ப்போம். எலும்பைத் தொடவில்லையென்றால் இரண்டு விரலோடு நிறுத்திக்கொள்ளலாம். தொட்டிருந்தால் மேலே போக வேண்டியிருக்கும், எவ்வளவு மேலே என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும். 'போத்தோங்' என்ற சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார். வெட்டுவது என்று மார்க்கெட்டில் மீன்காரனிடம் தினமும் நான் சொல்கிற சொல்தான் அது. அப்புறம் என் வீட்டுக்காரரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றைப் பாதத்தில் அங்கங்கே வைத்து அழுத்தி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். அவர் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருந்தார். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வந்தபோதுதான் தெரிகிறது என்றார்.

படிவத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். எத்தனை நாள் லீவு எழுதித் தருவார்கள் என்று மட்டும் கேட்டார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரம் முடிகிற மணி அடித்தது. கஸ்தூரி அக்கா கார் எடுக்கக் கீழே போனார். மற்றக் கட்டில்களில் வந்தவர்கள் டிப்பன் கேரியரைக் கழுவி மூடிக்கொண்டிருந்தார்கள். நான் அவர் பச்சைப் போர்வையை இழுத்துக் கால்வரை மூடிவிட்டேன். மூடினால் அது காலாகத்தான் தெரிந்தது, எப்போதும் போல.

"தேனு."

"ம்."

"அந்த டாக்டரு புள்ள பட்டும் படாம வச்சிச்சி. அதான் தெரியல. நீ ஒரு தடவ தொட்டுப் பாரேன்."

எனக்குத் தொட விருப்பமில்லை. பயம்தான், வேறென்ன. தொட்டு, அவர் இல்லை என்று சொல்லிவிட்டால், நாளைக் காலை வரைக்கும் அந்த ஒரு சொல்லோடு நான் எங்கே போய்ப் படுப்பது?

"சும்மா படுங்க. மணி அடிச்சாச்சி."

"ஒரு தடவ லா."

அவராகவே கண்ணை மூடிக்கொண்டார். கைகள் இரண்டையும் நெஞ்சின் மேல் கோத்துக்கொண்டார். நெற்றி சுருங்கியிருந்தது. நான் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனேன். போர்வையின் ஓரத்தைப் பிடித்தேன். தூக்கத் தைரியம் வராமல் அப்படியே நின்றேன்.

"தெரியிது" என்றார்.

நான் அசையவில்லை.

"தெரியிது தேனு. சூடா இருக்கு உன் கை." கண்ணை மூடியபடியே சிரித்தார். "எடுத்துறாத. அப்படியே வச்சிரு."

நர்ஸ் கதவருகே வந்து நின்று என்னைப் பார்த்தாள். நான் போர்வையின் ஓரத்தைப் பிடித்தபடி, அவர் காலுக்கு ஒரு முழம் தள்ளி, நின்றுகொண்டே இருந்தேன்.