கூட்டல் ஒன்று

தைவானில் ஒரு சங்கத்தின் முகநூல் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறவரை ‘சியாவ் பியென்’ என்போம். குட்டி எடிட்டர் என்று அர்த்தம். பதிவு ஓடினால் சங்கத்துக்குப் பெயர், ஓடாவிட்டால் குட்டி எடிட்டருக்குத் திட்டு. ஜியாயியில் தெருநாய்களைக் காப்பாற்றும் சின்னச் சங்கம் ஒன்றுக்கு நான்தான் அந்தக் குட்டி எடிட்டர். என் பெயர் யி-ஷான். அதை யாரும் கேட்பதில்லை.

மிஃபென் எங்களிடம் வந்தபோது ஒட்டி உலர்ந்து கிடந்த கறுப்பு நாய். அரிசிச் சேமியா மாதிரி இருக்கிறாள் என்று அந்தப் பெயரையே வைத்தோம். உடம்பு கொஞ்சம் தேறி, ஆள் மேல் ஏறி விளையாடத் தொடங்கிய நேரத்தில் உண்ணிக் காய்ச்சல் வந்தது. அன்று காலை அவள் வாயைத் திறந்து பார்த்த டாக்டர் தூ, ஈறு வெளுத்துப் போயிருக்கிறது என்றார்.

“சாயங்காலத்துக்குள்ள ரத்தம் ஏத்தணும். இருபத்தஞ்சு கிலோவுக்கு மேல இருக்கிற நாய் வேணும். எங்கிட்ட இருக்கற நாய் போன வாரம்தான் ரத்தம் குடுத்துச்சு. அத மறுபடி தொட முடியாது.”

எங்கள் தலைவி யுவே-ஜென் அக்கா மிஃபென்னின் தலையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

“போன் நம்பர் போடாத யி-ஷான். போன தடவ போட்டதுக்கு ஊர்ல இருக்கறவங்கல்லாம் கூப்பிட்டு புத்தி சொன்னாங்க. பெரிய நாய் வச்சிருக்கறவங்க கீழ +1 போடட்டும், நாங்களே கூப்பிடுறோம்னு எழுது. கமெண்ட் ஏறினாத்தான் பதிவு நாலு பேர் கண்ணுல படும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஊரில் மதியச் சாப்பாடு சொல்வதென்றாலும் +1, கூட்டாகச் சேர்ந்து அன்னாசி கேக் வாங்குவதென்றாலும் +1. ‘என்னையும் சேர்த்துக்கொள்’ என்று அர்த்தம். கூட்டல் ஒன்று என்பதை எங்கள் மொழியில் சொன்னால் கிட்டத்தட்ட ஜியாயி என்ற எங்கள் ஊர்ப் பெயர் போலவே ஒலிக்கும். மிஃபென் கேமராவைப் பார்க்கும் படத்தோடு பதிவைப் போட்டேன்.

அது ஓடியது. நான் போட்ட எந்தப் பதிவும் அப்படி ஓடியதில்லை.

ஆனால் எங்கள் ஆட்களுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் ‘ஜீச்சி’ என்று எழுதுவார்கள். ஆளாளுக்குத் தங்கள் உயிர்மூச்சில் கொஞ்சம் சேர்த்து அனுப்புகிறார்களாம். ‘ஜீச்சி +1.’ ‘குட்டி, தைரியமா இரு, +1.’ எழுதச் சோம்பல்பட்டவர்கள் வெறும் +1 மட்டும் போட்டார்கள். திரையைத் தள்ளத் தள்ள அதுவே வந்துகொண்டிருந்தது.

மேலே தெரிந்தவர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொருவருக்காகச் செய்தி அனுப்பினேன்.

“உங்க நாய் எத்தன கிலோ?”

“நாய் இல்லீங்க, பூனதான். மனசால +1.”

“எங்ககிட்ட பொமரேனியன் நாலு இருக்கு. நாலையும் சேத்தா இருபத்தஞ்சு வருமா?”

“நான் கனடாவுல இருக்கேன். தூரத்துலேந்து +1.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? எல்லாரும் நல்லவர்கள். கெட்டவர்களாக இருந்தால் பிளாக் செய்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பெரிய நாய் இல்லாதவர்கள் தயவுசெய்து +1 போட வேண்டாம் என்று பதிவைத் திருத்தினேன். ‘ஒரு ஜீவனுக்காக வேண்டிக்கக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?’ என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பரிந்து ஒரு கூட்டம், எனக்குப் பரிந்து ஒரு கூட்டம். சண்டை முற்ற முற்ற பதிவு இன்னும் வேகமாகப் பரவியது.

பணமும் வந்தது, சிகிச்சைக்கு ஆகும் செலவைத் தாண்டி வந்தது.

“எட்டு வருஷத்துல இப்படி ஒரு பதிவு…” என்று தொடங்கிய யுவே-ஜென் அக்கா, மடியைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மதியம் ஒருவர் நிஜமாகவே லாப்ரடாருடன் வந்து இறங்கினார். எனக்கு உயிர் வந்தது. டாக்டர் தூ அதன் பல்லைப் பார்த்துவிட்டு, வயசாயிடுச்சு, இதுகிட்ட எடுத்தா இதுவும் போயிடும் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அப்புறம் தெரிந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அவர் போனைக் கீழே வைப்பதற்குள், வெளியே வெயில் இருக்கும்போதே, மிஃபென் போய்விட்டாள். நான் அப்போதும் யாரிடமோ கிலோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் இறந்த செய்தியையும் நான்தான் போட்டேன். “கீழ நன்கொடை லிங்க போட்டுடு,” என்றார் யுவே-ஜென் அக்கா. அழுதழுது அவர் முகம் வீங்கியிருந்தது. “அப்படிப் பாக்காத. அடுத்த நாய்க்கு என்ன பண்றது, நீயே சொல்லு.” போட்டேன். ‘குட்டி தேவதையா ஓடி விளையாடு +1’ என்று வரத் தொடங்கியது. அந்தப் பதிவு முதல் பதிவையும் தாண்டியது.

மறுநாள் காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது.

“அம்மா, நான் புதாய்லேந்து லியாவ் பேசறேன். மீன் குட்டை வச்சிருக்கேன். நேத்து காலைல +1 போட்டேன்.”

இன்னொரு உயிர்மூச்சுக்காரர் என்று நினைத்தேன். “ரொம்ப நன்றி பெரியப்பா,” என்றேன், வாய்வார்த்தையாக.

“நம்ம பய முப்பது கிலோவுக்கு மேல இருப்பான். மூணு வயசு. ஊசியெல்லாம் போட்டிருக்கு. நீங்களே கூப்பிடுவீங்கன்னு எழுதியிருந்துச்சு, அதான் போனைக் கையிலயே வச்சிருந்தேன். ஒண்ணும் வரல. எம் பையன்தான் இப்ப இந்த நம்பரத் தேடிக் குடுத்தான். அவசரப்படுறேன்னு நெனச்சுக்காதீங்க.”

பதிவைத் திறந்து பழைய கமெண்டுகளுக்குப் போனேன். இருந்தது. பதிவு போட்ட சற்று நேரத்திலேயே எழுதியிருக்கிறார். மீன் படம் வைத்த கணக்கு, வெறும் +1. யாரும் லைக் போடாததால் அது அடியில் போய்க் கிடந்தது. புதாயிலிருந்து ஜியாயிக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.

“லைன்ல இருக்கீங்களாம்மா?”

“இருக்கேன் பெரியப்பா.”

“ரத்தம் எடுக்கணும்னா வயிறு காலியா இருக்கணும்னு இங்க டாக்டர் சொன்னாரு. நேத்துலேந்து அவனுக்கு ஒண்ணும் போடல. தட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். வண்டில ஏத்திரட்டுமா?”

யுவே-ஜென் அக்கா தலையை நிமிர்த்தி, யார் என்று கண்ணால் கேட்டார்.

“அவனுக்குச் சாப்பாடு போட்டுடுங்க பெரியப்பா.”

“ஓ, வேற நாய் கெடச்சிருச்சா?” அவர் குரலில் அத்தனை சந்தோஷம். “நல்லதும்மா. ராத்திரியெல்லாம் அதே நெனப்புதான் எனக்கு. நல்லாருக்கால்ல அவ?”

நான் ஆமாம் என்றேன்.