ஒரே தூரத்தில்

"அப்பா, இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க," என்றான் மகன், கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்திருந்தார். தெருவில் நடந்தால் மனைவி பின்னால் வருகிறாளா என்று திரும்பிக்கூடப் பார்க்காத மனிதர். நாலு பேர் பார்க்கும் இடத்தில் அவள் பக்கத்தில் உட்காரச் சொன்னது அவருக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

படம் வெளியூரில் படிக்கும் தங்கைக்கு. மறுநாள் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. போன தடவை கோட்டை விட்டதும் அதைத்தான். அது முடியும்வரை அவள் காதுக்கு எதுவும் போகக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாள். அவளுக்குக் குரல் தேய்ந்துபோனதால் மகளிடம் போனில் பேசவும் முடியவில்லை. தங்கையோ, ஒரு போட்டோவாவது அனுப்பு என்று பிடிவாதம் பிடித்தாள்.

கல்யாணங்களில் படமெடுப்பது அவன் பிழைப்பு. லென்ஸை அகலத் திறந்தால் பின்னாலிருக்கும் மருந்துப் பாட்டிலும் ஆக்ஸிஜன் சிலிண்டரும் வெறும் வெளிச்சமாகக் கரைந்துவிடும். ஆனால் அப்போது கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும் முகங்கள்தான் தெளிவாக விழும். அப்பா ஒரு சாண் முன்னால் இருந்தாலும் அம்மா மங்கிப்போவாள். திறப்பைக் குறைத்தால் இரண்டு பேரும் தெளிவு, சிலிண்டரும் தெளிவு. அம்மாவால் தலையணையை விட்டு எழ முடியாது. அப்பாதான் போக வேண்டும்.

"அந்தத் தலையணையிலயே சாஞ்சுக்கோங்கப்பா. அம்மா தலைய ஒட்டி."

"நர்ஸ் பொண்ணு பாக்குதுடா," என்றார் அப்பா, குரலைத் தாழ்த்தி.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கப்போய் மூச்சு வாங்கியது. அதைப் பார்த்ததும் அப்பா சாய்ந்து, தன் காதை அவள் காதோடு வைத்துக்கொண்டார்.

அவன் திரும்பத் திரும்ப எடுத்தான். போதும் என்று சொன்னபோது அப்பாவுக்குக் கழுத்து சுளுக்கியிருந்தது. படம் கனகச்சிதம், யார் வீட்டு அறையிலும் எடுத்ததாகச் சொல்லலாம். தங்கையிடமிருந்து 'சூப்பர்' என்று பதில் வந்தது. அதை வாசித்துக் காட்டியதும் அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள்.

விடிவதற்குள் போய்விட்டாள்.

காலையில் வீட்டு வாசலில் நாற்காலிகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். செத்த பிறகும் சத்தியம் சத்தியம்தானே, பரீட்சை முடிந்து தங்கையைக் கூப்பிடலாம் என்று நினைத்திருந்தான். என்ன சொல்லித் தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அப்போது தெருமுனையிலிருந்து தங்கை பையோடு நடந்து வந்தாள். நாற்காலிகளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

அம்மாவின் காலடியில் வெகுநேரம் கிடந்து அழுதாள். பிறகு வெளியே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

"பரீட்சை..." என்றான்.

"போகல."

யார் சொன்னது என்று கேட்டான். அவள் போனில் அந்தப் படத்தைத் திறந்து கொடுத்தாள். அவன் பின்பக்கத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகத் தேடினான். பாட்டில் இல்லை, சிலிண்டர் இல்லை, எல்லாம் வெளிச்சம்.

"அங்க என்ன தேடுற? அப்பாவப் பாரு. அம்மாவ இப்படி ஒட்டி அவர் என்னிக்கு உக்காந்தாரு? பாத்த உடனே பஸ் ஏறிட்டேன்."

"சூப்பர்னு போட்டியே?"

"நீ அத அம்மாவுக்குக் காட்டுவேன்னு தெரியும்."

ஒரு நாள் முன்னால் வாயைத் திறந்திருந்தால் இவள் அம்மாவை உயிரோடு பார்த்திருப்பாள். இப்போது பரீட்சையும் போயிற்று. அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

உள்ளே அப்பா உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவரால் தலையாட்டவும் முடியவில்லை. சுளுக்கு விடவில்லை, தலை ஒரு பக்கமாகவே சாய்ந்திருந்தது. அந்தப் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை.